தண்ணீர் ஊற்றும் பேட்டரி ஏன் முரண்டு பிடிக்கிறது?

வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மாடிப்படிக்கு அடியிலோ வராந்தா மூலையிலோ ஒரு இன்வெர்ட்டரும், அதன் காலடியில் ஒரு பெரிய பேட்டரியும் இருக்கும். காசிமேட்டுப் படகில் என்ஜினைக் கிளப்புவதும் மாதவரத்தில் நிற்கும் லாரிக்கு உயிர் கொடுப்பதும் இதே குடும்பத்துப் பேட்டரிகள்தாம். ஈயத் தகடுகள், கந்தக அமிலம், மூடியைத் திறந்து ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். 1859-இல் பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளாண்டே செய்து காட்டிய அடிப்படை இன்றும் மாறவில்லை.

இந்தப் பேட்டரிகளைப் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் புதிர் மாதிரி இருக்கும். பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் மின்சாரம் போனால் பத்து நிமிடம்கூட மின்விசிறி சுற்றவில்லை. ஐந்து மூடிகளுக்குள் கொதிக்கிறது, ஒன்றில் மட்டும் சத்தமே இல்லை. இரண்டு நாள் கடலுக்குப் போகாவிட்டால் என்ஜின் கிளம்பவில்லை. புதிர் எதுவாக இருந்தாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடுங்கள்." பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பல ஆயிரம் ரூபாய் செலவாகிற விஷயத்தில், என்ன கெட்டது என்று தெரியாமலேயே மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மாற்றிய பிறகு புதிய பேட்டரியும் அதே காரணத்தால் கெடுவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். 12 வோல்ட் பேட்டரி என்று நாம் வாங்குவது ஒரே பெட்டிக்குள் தடுப்பு வைத்து அடைத்த ஆறு தனித்தனி செல்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட். ஆறும் தொடராக இணைந்திருப்பதால், உள்ளே போகும் மின்னோட்டமும் வெளியே வரும் மின்னோட்டமும் ஆறு செல்களின் வழியாகவும் ஒரே அளவில்தான் பாயும். தண்ணீர் லாரியிலிருந்து வீட்டுத் தொட்டி வரை ஆறு பேர் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றினால், நான்காவது ஆள் சோர்ந்துவிட்டால் போதும், மற்ற ஐந்து பேரின் தெம்பும் வீண். விசித்திரமாக நடக்கும் பேட்டரிகளில் பாதிக்குமேல் இந்த நான்காவது ஆளின் கதைதான். அந்த ஆள் யார் என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

உள்ளே நடப்பது

ஒரு செல்லில் இரண்டு வகைத் தகடுகள். பாசிட்டிவ் தகட்டில் காபி நிறத்தில் லெட் டை ஆக்சைடு. நெகட்டிவ் தகட்டில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போன்ற ஈயம். இரண்டும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. பேட்டரி மின்சாரம் தரும்போது அமிலத்தில் இருக்கும் சல்பேட் இரண்டு தகடுகளிலும் போய் ஒட்டிக்கொண்டு லெட் சல்பேட் ஆகிறது. மிச்சம் தண்ணீர் உண்டாகிறது. அதாவது பேட்டரி காலியாகக் காலியாக அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது சல்பேட் தகட்டை விட்டுத் திரும்ப அமிலத்துக்கு வருகிறது, அமிலம் கெட்டியாகிறது.

இந்த ஒரு குணத்தால்தான் தண்ணீர் ஊற்றும் பேட்டரியை நான் விரும்புகிறேன். மூடியைத் திறந்து அமிலத்தின் அடர்த்தியை அளந்தால், அந்த செல்லுக்குள் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று நேரடியாகத் தெரிந்துவிடும். மூடி இல்லாத சீல் பேட்டரியில் இந்த வசதி கிடையாது.

அடர்த்தியை அளக்கும் கருவி ஹைட்ரோமீட்டர். கண்ணாடிக் குழாய், மேலே ரப்பர் பல்பு, உள்ளே மிதக்கும் சிறிய கண்ணாடி மிதவை. பேட்டரிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால், முழு சார்ஜில் இருக்கும் கார் பேட்டரியின் அமிலம் சுமார் 1.270 இருக்கும். நம் வீடுகளில் இருக்கும் டியூபுலர் (பாசிட்டிவ் தகடு குழாய் குழாயாக இருக்கும் வகை) இன்வெர்ட்டர் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றுக்கு முழு சார்ஜ் 1.240 என்று பேட்டரியின் மேலேயோ வாரண்டி அட்டையிலோ அச்சிட்டிருப்பார்கள். கடைக்காரர் இதையே "கிராவிட்டி ஆயிரத்து இருநூற்று நாற்பது" என்று சொல்வார்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள கணக்கு வருகிறது. ஓய்வில் இருக்கும் ஒரு செல்லின் வோல்ட் என்பது ஏறக்குறைய அதன் கிராவிட்டியுடன் 0.84 கூட்டினால் வருவது. 1.270 உள்ள செல் 2.11 வோல்ட், ஆறு செல்லுக்கு 12.66. அதே கணக்கில் 1.240 உள்ள டியூபுலர் பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தாலும் 12.48 வோல்ட்தான் காட்டும். கார் பேட்டரிக்காகத் தயாரான அட்டவணையைப் பார்த்துவிட்டு, "12.5-தான் இருக்கிறது, சார்ஜே ஏறவில்லை" என்று நல்ல பேட்டரியைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

அளப்பதற்கு முன்

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. காற்றில் அது நான்கு சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கும். இடம் இல்லாத வீடுகளில் இன்வெர்ட்டரைப் பூஜை அலமாரிக்குக் கீழே வைத்திருப்பதைப் பார்க்கிறேன். விளக்கும் ஊதுபத்தியும் எரியும் இடத்தில் அது இருக்கவே கூடாது. மூடியைத் திறப்பதற்குமுன் இன்வெர்ட்டரை அணைத்து, சுவரில் உள்ள பிளக்கையும் கழற்றி, சன்னலைத் திறந்து வையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் கட்டாயம். மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே ஒரு வளையல் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

அடுத்து, எப்போது அளப்பது என்பது. சார்ஜ் முடிந்த கையோடு மல்டிமீட்டரை வைத்தால் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும்; அது தகட்டின் மேற்பரப்பில் மட்டும் தங்கியிருக்கும் சார்ஜ். சில மணி நேரம் எதையும் இணைக்காமல் விட்டுவிட்டு அளக்க வேண்டும். அவசரம் என்றால் ஒரு மின்விசிறியைப் பேட்டரியில் சில நிமிடம் ஓட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து அளக்கலாம். அதேபோல, தண்ணீர் ஊற்றிய உடனே ஹைட்ரோமீட்டரை விடாதீர்கள். ஊற்றிய தண்ணீர் அமிலத்தைவிட லேசானது, மேலேயே மிதக்கும். நீங்கள் உறிஞ்சுவது அந்தத் தண்ணீரைத்தான். ஒரு முழு சார்ஜ் முடிந்து, கடைசியில் வரும் குமிழிகள் எல்லாவற்றையும் கலக்கிவிட்ட பிறகு எடுக்கும் அளவுதான் நம்பத்தக்கது. தண்ணீர் மிகக் குறைந்து தகடு வெளியே தெரிந்தால் மட்டும், தகடு மூழ்கும் அளவுக்கு ஊற்றிவிட்டுப் பிறகு சார்ஜ் ஏற்றுங்கள். மற்ற சமயங்களில் சார்ஜ் முடிந்த பிறகு நிரப்புவதே முறை. முன்பே நிரப்பினால் சார்ஜின்போது பொங்கி வழியும்.

வெயில் காலத்தில் ஒரு திருத்தம் வேண்டும். அச்சிட்ட கிராவிட்டி எல்லாம் 27 டிகிரி செல்சியஸுக்கு உரியது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அளவோடு 0.0007 கூட்ட வேண்டும். கத்திரி வெயிலில் அமிலம் 40 டிகிரியில் இருந்தால் 1.231 என்று காட்டுவது உண்மையில் 1.240. பயப்பட ஒன்றுமில்லை.

ஆறு எண்கள்

கொடுங்கையூரில் வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் பேட்டரியைச் சொல்கிறேன். இன்வெர்ட்டரில் சார்ஜ் முழுமை என்று விளக்கு எரிகிறது. மின்சாரம் போனால் கால் மணி நேரத்தில் 'பீப்' சத்தம்.

"முந்தாநாள்கூட ஃபுல் என்றுதான் காட்டியது, தம்பி. தண்ணீரும் ஊற்றித்தான் வைத்திருக்கிறேன்."

"அந்த விளக்கு ஆறு செல்லையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறது, அம்மா. தனித்தனியாகப் பார்த்துவிடலாம்."

ஓய்வில் மல்டிமீட்டர் காட்டியது 12.35 வோல்ட். டியூபுலர் பேட்டரிக்கு அது ஐந்தில் நான்கு பங்கு நிரம்பிய அளவு. குற்றம் சொல்ல இடமில்லை. பிறகு மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஹைட்ரோமீட்டரின் நுனியை அமிலத்தில் விட்டு, பல்பை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டு, மிதவை கண்ணாடிச் சுவரில் ஒட்டாமல் மிதக்கும் அளவுக்கு உறிஞ்சி, குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். படித்ததும் அமிலத்தை அதே செல்லுக்குள் திரும்ப விட வேண்டும். வேறு செல்லில் விட்டால் இரண்டின் கணக்கும் கெடும். நுனியில் தொங்கிய ஒரு துளி மொசைக் தரையில் விழுந்து நுரைத்தது. உடனே சமையல் சோடா கரைத்த தண்ணீர் ஊற்றித் துடைத்தும் சில்லறைக் காசு அளவுக்குப் பளபளப்பு போய்விட்டது.

எண்கள் இப்படி வந்தன: 1.235, 1.240, 1.230, 1.130, 1.235, 1.240.

ஐந்து செல்கள் நிரம்பியிருக்கின்றன. நான்காவது ஏறக்குறைய காலி. ஒவ்வொன்றுடனும் 0.84 கூட்டி மொத்தம் போட்டுப் பாருங்கள், சரியாக 12.35 வரும். காலியான ஒரு செல் மொத்த வோல்ட்டில் குறைத்தது பத்தில் ஒரு பங்கு வோல்ட்தான். அதனால்தான் மல்டிமீட்டரும் இன்வெர்ட்டரும் ஏமாந்தன. ஆரம்பநிலையில் இருப்பவர்கள் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்வதானால், இந்த ஆறு எண்களை வரிசையாக எழுதிவைக்கும் பழக்கத்தைச் சொல்வேன். நல்ல பேட்டரியில் செல்களுக்கிடையே வித்தியாசம் 0.010, 0.015 என்ற அளவில் இருக்கும். 0.030-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 0.050-ஐத் தாண்டினால் அந்த செல்லில் கோளாறு என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு தேடலாம்.

தொலைபேசி நிலையம் போன்ற இடங்களில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே 2 வோல்ட் செல்கள் தனித்தனி ஜாடிகளாக வரிசையாக நிற்கும்; ஒவ்வொன்றின் டெர்மினலிலும் மீட்டரை வைத்துப் பார்த்துவிடலாம். வீட்டுப் பேட்டரியில் செல்களை இணைக்கும் ஈயப் பாலங்கள் மூடிக்குள் மறைந்திருக்கின்றன. நமக்கு இருக்கும் ஒரே சன்னல் அந்த ஆறு துவாரங்கள்தாம்.

எந்த செல் பேசுகிறது, எப்போது பேசுகிறது

கொதிக்கிற செல்தான் கெட்ட செல் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பாதி உண்மை; தவறான பாதியைப் பிடித்தவர்கள் நல்ல செல்லைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறார்கள்.

சார்ஜ் ஏறும் நேரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு செல் 2.4 வோல்ட்டை நெருங்கும்போது தகட்டில் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மிச்ச மின்சாரம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. நாம் கொதிப்பு என்று சொல்வது இந்தக் குமிழிகளைத்தான். ஆறு செல்களும் சார்ஜின் முடிவில் ஒன்றுபோல் மெல்லக் குமிழிவிட்டால் எல்லாம் சரி. இப்போது ஒரு செல்லுக்குள் பாசிட்டிவ் தகடும் நெகட்டிவ் தகடும் தொட்டுக்கொண்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். தகட்டிலிருந்து உதிர்ந்த தூள் அடியில் குவிந்து பாலம் போட்டிருக்கலாம்; தகடுகளுக்கு நடுவே உள்ள தடுப்பு கிழிந்திருக்கலாம். அந்த செல் ஷார்ட். அதற்குச் சார்ஜ் ஏறவே ஏறாது, குமிழியும் வராது. சார்ஜர் கொடுக்கும் 14.4 வோல்ட்டை மிச்சம் ஐந்து செல்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதாகிறது, ஒவ்வொன்றுக்கும் 2.9 வோல்ட்டுக்குப் பக்கத்தில். அவை பொங்கிக் கொதிக்கின்றன, சூடாகின்றன, தண்ணீரைக் குடித்துத் தீர்க்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு அந்த ஐந்தும்தான் கெட்டதாகத் தெரியும். உண்மையில் அமைதியாக இருக்கும் ஆறாவதுதான் காரணம்.

மின்சாரம் வெளியே போகும் நேரத்தில் நிலைமை தலைகீழ். லோடு (மின்விசிறி, விளக்கு போன்ற சுமை) கொடுத்ததும் பலவீனமான செல் முதலில் காலியாகிறது. மற்ற ஐந்தும் இன்னும் தெம்பாக இருப்பதால் மின்னோட்டத்தை அதன் வழியாகத் தள்ளுகின்றன. அந்த செல்லின் துருவம் மாறி எதிர்ப்பக்கமாகச் சார்ஜ் ஏறத் தொடங்குகிறது. அப்போது அதற்குள்ளிருந்து குமிழி வரும். ஆகவே சார்ஜின் முடிவில் சத்தம் போடாத செல்லையும், லோடில் சத்தம் போடும் செல்லையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டு சோதனையிலும் ஒரே செல் மாட்டினால் அதற்குமேல் வாதம் வேண்டாம்.

லோடு சோதனையில் முகத்தை மூடிக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். எட்ட நின்று கேட்டாலே சத்தம் தெரியும். மூடிகளை லேசாகத் தளர்த்திப் பொருத்தியே வைத்திருக்கலாம்.

இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. சார்ஜ் தொடங்கியதுமே ஒரு செல் மட்டும் முந்திக்கொண்டு குமிழிவிடும். ஆனால் அதன் கிராவிட்டி ஏறாது. இது பெரும்பாலும் சல்பேட் இறுகிய செல். பேட்டரி காலியாகவே வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் படிந்த மென்மையான சல்பேட் பெரிய படிகங்களாக இறுகிவிடுகிறது. பிறகு சார்ஜர் எவ்வளவு தள்ளினாலும் கரைந்து வர மறுக்கும். தகட்டில் வேலை செய்யும் பரப்பு குறைந்துபோவதால் சீக்கிரம் நிரம்பியது போலக் காட்டும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். ஆறு செல்களும் இப்படியே ஆகியிருந்தால் அதுதான் அரை மணி நேரத்தில் பச்சை விளக்கு, பத்து நிமிடத்தில் இருட்டு. கோடை விடுமுறைக்கு இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்த வீடுகளில் இந்த நோய் அதிகம்.

இறுகத் தொடங்கிய நிலையில் பிடித்துவிட்டால் குறைந்த ஆம்பியரில் நீண்ட நேரம் சார்ஜ் ஏற்றி ஓரளவு மீட்கலாம். கடைக்காரர்கள் 15 வோல்ட்டுக்கு மேலே கொண்டுபோய்ச் சமப்படுத்தும் சார்ஜ் கொடுப்பார்கள். அதைப் பேட்டரியை இன்வெர்ட்டரிலிருந்து கழற்றி, காற்றோட்டமான இடத்தில், ஆள் பக்கத்தில் இருந்து வெப்பத்தைக் கவனித்துக்கொண்டு செய்ய வேண்டும். வீட்டில் செய்யும் வேலை இல்லை. சல்பேட்டைக் கரைக்கும் என்று விற்கும் பொடிகளையும் திரவங்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கிராவிட்டி குறைந்துவிட்டது என்று ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம். சல்பேட் தகட்டில் இருக்கிறது. மேலே ஆசிட் ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் எண் உயரும், தகடு அரிக்கும், பேட்டரியின் தெம்பு துளிகூட ஏறாது.

கொடுங்கையூர் பேட்டரிக்கு வருவோம். இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தபோது ஐந்து செல்களில் குமிழி, நான்காவது அசையவே இல்லை, கிராவிட்டியும் 1.130-ஐ விட்டு நகரவில்லை. உள்ளே ஷார்ட். அது முழு ஷார்ட்டாக முற்றினால் ஓய்வு வோல்ட் 10.5-க்குப் பக்கத்தில் இறங்கும். எந்த 12 வோல்ட் பேட்டரியும் சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5-இல் நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று பார்த்ததுமே சொல்லலாம். ஒரு செல்லை மட்டும் மாற்ற இப்போதைய பேட்டரிகளில் வழி கிடையாது. அந்த அம்மாவுக்கு மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் மாற்றும்வரை பேட்டரியை இன்வெர்ட்டரிலிருந்து உடனே கழற்றிவிடச் சொன்னேன். ஒரு செல் ஷார்ட்டான பேட்டரியைச் சார்ஜரிலேயே விட்டுவைத்தால் மிச்ச ஐந்தும் சூடேறி, பெட்டி உப்பி, அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு, நச்சு வாயு. அந்த நாற்றம் வந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல், சன்னலைத் திறந்துவிட்டு, மெயினை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கடற்காற்று செய்யும் வேலை

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பேட்டரியைப் பழி சொல்வதற்குமுன் டெர்மினலைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகப் பூத்தால் ஈய சல்பேட். பச்சையும் நீலமுமாகப் பூத்தால் செம்புக் கம்பி அரித்து உண்டான செம்பு சல்பேட். உப்புக் காற்றில் இரண்டும் வேகமாக வளரும். அறிகுறி தெளிவானது: சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட், லோடு போட்டதும் இன்வெர்ட்டர் உடனே அணைகிறது, எடுத்ததும் மறுபடி 12.5. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தூணின் நடுவிலும் மறுமுனையைக் கம்பியின் முனையில் உள்ள லக்கிலும் வைத்து, லோடு ஓடும்போது பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் கோளாறு அங்கேதான். 60 ஆம்பியர் ஓடும் இடத்தில் அரை வோல்ட் என்பது 30 வாட் சூடு. கை வைத்தாலே தெரியும். கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, தேய்த்து, உலர்த்தி, இறுக்கி, மேலே வாசலின் பூசினால் பல கேஸ்கள் அங்கேயே முடிந்துவிடும். சோடாத் தண்ணீர் ஒரு துளிகூட செல்லுக்குள் போகக் கூடாது.

சுத்தம் செய்த பிறகும் அதே அறிகுறி இருந்தால் உள்ளே செல்களை இணைக்கும் ஈயப் பாலம் விரிசல் விட்டிருக்கலாம். இது அபாயம். விரிசலில் பொறி பறந்தால் உள்ளே தங்கிய ஹைட்ரஜனில் பற்றும். அப்படிப்பட்ட பேட்டரியில் மேற்கொண்டு சோதனை செய்யாதீர்கள்.

படகில் இரண்டு நாள் கிடந்தாலே இறங்கிவிடும் பேட்டரிக்கு வேறு ஒரு சோதனை. மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவ் டெர்மினலில் வைத்து, சிவப்பு முனையால் பேட்டரியின் பிளாஸ்டிக் மேற்பரப்பை அங்கங்கே தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் வோல்ட் இருக்கக் கூடாது. ஆனால் அமிலத் துளியும் உப்பு ஈரமும் தூசியும் சேர்ந்து படலம் கட்டியிருந்தால் சில வோல்ட்கூடக் காட்டும். அந்தப் படலத்தின் வழியே பேட்டரி இரவும் பகலும் கசிந்துகொண்டிருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தால் தீர்ந்தது.

மேற்பரப்பு சுத்தமாக இருந்தும் இறங்கினால், ஊற்றிய தண்ணீரைப் பற்றி விசாரிக்க வேண்டும். நம் பகுதியில் நிலத்தடி நீரின் உப்பு ஊரறிந்தது. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்துக்குள் ஏறியே விட்டது. போர் தண்ணீரில் இருக்கும் இரும்பும் குளோரைடும் தகட்டைச் சும்மா இருக்கும்போதே தின்றுகொண்டிருக்கும். லாரித் தண்ணீரும் வேண்டாம். வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரிலும் கரைந்த உப்பு மிச்சம் இருக்கும்; ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் தூசியும் உலோகத் துகளும் கலந்திருக்கும். ஒரு முறை உள்ளே போன உப்பு வெளியே வராது, ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். டிஸ்டில்டு வாட்டர் விலை மலிவு. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது மூழ்கிய பேட்டரிகளைப் பற்றி இன்றும் கேட்கிறார்கள். துவாரங்கள் வரை வெள்ளம் ஏறியிருந்தால், காய்ந்துவிட்டது என்று நம்பிச் சார்ஜில் போடாதீர்கள். உப்புநீர் புகுந்த பேட்டரியில் சார்ஜின்போது குளோரின் வாயு உண்டாகலாம்.

தண்ணீரும் வயதும்

"முன்பெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊற்றுவேன், இப்போது மாதா மாதம் கேட்கிறது" என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஒரு செல் மட்டும் கேட்கிறது, ஊற்ற ஊற்ற அதன் கிராவிட்டி இறங்குகிறது, கீழே ஈரமாக இருக்கிறது என்றால் பெட்டியில் விரிசல், அமிலமே வெளியேறுகிறது. ஆறும் சமமாகக் கேட்டால் முதலில் சார்ஜர் வோல்ட்டை அளவெடுங்கள். முழு சார்ஜுக்குப் பிறகு பிடித்துவைக்கும் வோல்ட் 13.5 முதல் 13.8 வரை இருந்தால் சரி. நாள் முழுக்க 14.4-லேயே நின்றால் இன்வெர்ட்டரின் கோளாறு. அங்கே எத்தனை பேட்டரி மாற்றினாலும் தண்ணீர் வற்றும்.

சார்ஜரும் சரி என்றால் வயதுதான். பாசிட்டிவ் தகட்டின் சட்டத்தில் உறுதிக்காகச் சேர்த்த ஆன்டிமனி வருடங்கள் போகப் போகக் கரைந்து நெகட்டிவ் தகட்டில் படிகிறது. அது படிந்த தகட்டில் குமிழி சீக்கிரமே தொடங்கிவிடும். சூடு இதை விரட்டுகிறது: பேட்டரியின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. தகரக் கூரைக்கு அடியில் வைத்த பேட்டரியும் தரைத்தளத்தில் நிழலில் வைத்த பேட்டரியும் ஒரே நாளில் வாங்கியதாக இருந்தாலும் ஒரே நாளில் சாகாது.

இன்னும் ஒரு முரண் மிச்சம் இருக்கிறது: ஓய்வு வோல்ட் நன்றாக இருக்கும், ஆனால் ஆறு செல்களிலும் கிராவிட்டி ஒன்றுபோல் குறைவாக இருக்கும். இரண்டு அளவும் சண்டை போடுவதாகத் தோன்றும். கெட்டி அமிலம் கனமானது. நீண்ட நாள் குமிழியே வராமல் மெதுவாகச் சார்ஜ் ஏறும் பேட்டரியில் அது அடியில் தங்கிவிடும், மேலே நீர்த்த அமிலம் நிற்கும். ஹைட்ரோமீட்டர் உறிஞ்சுவது மேலே இருப்பதை. குமிழி வரும்வரை ஒரு முழு சார்ஜ் கொடுத்தால் கலந்துவிடும், எண்களும் சமாதானமாகும். மின்வெட்டு அபூர்வமாகிவிட்ட வீடுகளில் இதை அதிகம் காணலாம். மாதம் ஒரு முறை மெயினை அணைத்து இன்வெர்ட்டரில் கொஞ்ச நேரம் ஓட்டுவது இதற்கு நல்ல மருந்து.

24 வோல்ட் இன்வெர்ட்டரில் இரண்டு பேட்டரிகள் தொடராக இருக்கும். அங்கே ஆறுக்குப் பதில் பன்னிரண்டு செல்கள். லோடு ஓடும்போது இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து, எது அதிகமாக இறங்குகிறதோ அதன் மூடிகளை மட்டும் திறந்தால் போதும். கெட்டது ஒன்றுதான் என்றாலும் நான்கு வயதுப் பேட்டரிக்குப் பக்கத்தில் புதியதை இணைத்தால், பழையது சீக்கிரம் காலியாகிப் புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதே முறை.

வாரண்டி காலத்துக்குள் இருந்தால் தேதி, ஓய்வு வோல்ட், ஆறு கிராவிட்டி எண்கள், சார்ஜரின் வோல்ட் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அவர்களும் இதே சோதனையைத்தான் செய்வார்கள். முன்பே எழுதி வந்தவரிடம் "சார்ஜ் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று இழுத்தடிப்பது கடினம். மாற்ற வேண்டி வந்தால் பழைய பேட்டரியை, அமிலத்தோடு நிமிர்த்தியபடியே, புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து அதன் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மீது வைத்திருக்கின்றன. எடை குறைக்க அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் காயலான் கடையில் போடுபவர்களை நம் தெருக்களில் இன்னும் பார்க்க முடிகிறது. அந்த அமிலத்தில் ஈயம் கரைந்திருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஒருவர் அப்படிக் கொட்டுவதைக் கண்டால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள்.